செர்வெல் கரைக் கல்லூரி

காரைக்குடி

அன்புள்ள மெய்யம்மை,

கடிதம் கிடைத்தது. மகளைப் பார்க்க லண்டன் போகும்போது ஆக்ஸ்போர்டில் ஒரு பழைய பெண்கள் கல்லூரியையும் பார்க்க நினைக்கிறாய் என்றால், லேடி மார்கரெட் ஹாலுக்குப் போ. வழக்கறிஞர் கொர்னீலியா சொராப்ஜியும் இந்திரா காந்தியும் படித்த சோமர்வில்லும் அதே ஊர்தான். ஆனால் அங்கே ஆறு இல்லை, லேடி மார்கரெட் ஹாலோ செர்வெல் ஆற்றங்கரையில் இருக்கிறது.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை தேர்வுப் பருவம், பார்வையாளரை விடாமல் போகலாம். ஜூலை நல்லது. எப்படியும் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிடு. லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். 'ஆக்ஸ்போர்டு டியூப்' என்ற பெயரைப் பார்த்துச் சுரங்க ரயில் நிலையத்தில் தேடாதே, அது விக்டோரியாவிலிருந்து வரும் பஸ். நகர நடுவிலிருந்து செயின்ட் ஜைல்ஸ், பேன்பரி சாலை என்று வடக்கே நடந்து, வலப்பக்கம் நார்ஹாம் கார்டன்ஸ் தெருவில் திரும்பினால் அதன் கடைசியில் கல்லூரி வாசல்.

வாசலில் நின்று பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். முன்பக்கம் பெரும்பாலும் பிற்காலக் கட்டடங்கள். நம் வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால்தானே வீடு தெரியும், அதுபோல உள்ளே போய்விடு. பழைய செங்கல் கட்டடங்கள் தோட்டத்தைப் பார்த்து நிற்கின்றன. புல்வெளியில் கால் வைக்குமுன் கேட்டுக்கொள்.

1878இல் தொடங்கி, மறு வருஷம் 9 மாணவிகளோடு திறந்தார்கள். முதல் முதல்வர் எலிசபெத் வேர்ட்ஸ்வொர்த். இங்கே படித்து, பின்னால் மத்திய கிழக்கில் பயணங்கள் செய்து புகழ்பெற்ற ஜெர்ட்ரூட் பெல் 1888இல் நவீன வரலாற்றில் முதல் வகுப்பு வாங்கினார். ஆனால் பட்டம் கிடையாது! ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1920இல்தான். பள்ளத்தூர்ப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது இதைத்தான் என்பேன். பெனசீர் பூட்டோவும் மலாலாவும் படித்த இடம் என்றால் அவர்களுக்கே ஆர்வம் வரும். 1979இலிருந்து ஆண்களும் சேர்கிறார்கள். தேவாலயத்தைக் கட்டியவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட், லண்டனின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டை வடிவமைத்தவர்.

தோட்டத்தை ஆற்றிலிருந்தும் பார். வடக்கே பார்ட்வெல் சாலையில் செர்வெல் படகுத்துறை இருக்கிறது. அங்கே நீளக் கழியால் தள்ளிப் போகும் தட்டையடிப் படகு (பண்ட்) எடுத்து, நீரோட்டத்தோடு தெற்கே வந்தால் கல்லூரி வலக்கரையில் வரும். அண்ணன் கழி பிடிக்க ஆசைப்படுவார். ஆக்ஸ்போர்டில் படகுக்குள்ளேயே பின்பக்கம் நின்று தள்ளுவது வழக்கம். படகு முனையிலுள்ள மேடைமேல் ஏறி நிற்பது கேம்பிரிட்ஜ் பழக்கம். கழியைப் படகை ஒட்டிச் செங்குத்தாக விட வேண்டும். தரை தட்டியதும் கைமாற்றிக் கைமாற்றிப் பின்னோக்கித் தள்ளி, எடுக்குமுன் லேசாகத் திருக வேண்டும். திருகாமல் இழுத்தால் சேறு கவ்விக்கொள்ளும், படகு நகர்ந்துவிடும், பிடித்தவர் கழியோடு தொங்குவார். சிக்கிக்கொண்டால் கழியை விட்டுவிடச் சொல். சின்னத் துடுப்பால் திரும்பிப் போய் எடுத்துக்கொள்ளலாம். திசை மாற்றுவதும் கழிதான்: தள்ளி முடித்ததும் அதைப் பின்னால் நீரில் இழுபடவிட்டு, சுக்கான் போல அசைத்தால் போதும். நேராகப் போகாமல் கரைக்குக் கரை முட்டுகிறவர்கள் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள். கழியில் வழியும் தண்ணீர் முழங்கை வரை வரும், பட்டுச் சட்டை வேண்டாம். நீ உட்கார்ந்தே வா, பாதி வழியில் எழுந்து போட்டோ எடுக்காதே.

குளிர்காலத்தில் போவதானால் படகை மற, ஆற்றோரப் புல்வெளியில் வெள்ளம் ஏறும், நாலு மணிக்கே இருட்டும்.

இங்கே ஊருணியில் பாதித் தண்ணீர்தான். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
விசாலாட்சி