நிறுத்திக் காட்டும் குதிரைக்கும் ஒரு கொடி கொடுங்கள்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் குதிரைப் பந்தயம் நடத்தும் விழாக் குழுவினருக்கு,

வணக்கம் அண்ணன்மார்களே, பெரியவர்களே. திருவிழாவுக்குத் திருவிழா நீங்கள் பந்தயம் வைப்பதால்தான் இந்தப் பக்கம் இன்னும் குதிரை மிச்சம் இருக்கிறது. கொட்டிலில் ஒன்றைக் கட்டி, கொள்ளும் தவிடும் வைத்து வளர்க்கும் தம்பிகளுக்கு, ஜெயித்தவருக்கு நீங்கள் கொடுக்கும் கொடிதான் கனவு. அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். எதற்குக் கொடி கொடுக்கிறீர்களோ அதற்குத்தான் குதிரையைப் பழக்குவார்கள். இன்றைக்கு வேகத்துக்கு மட்டும் கொடுக்கிறீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். தார்ச்சாலைப் பந்தயம் நடக்கும் அதே நாளில், பக்கத்துப் பொட்டலில் ஏறிச் சவாரி செய்பவர்களுக்காகச் சின்னதாக ஒரு கிராஸ் கன்ட்ரி சுற்றும், அதாவது திறந்தவெளியில் தடை தாண்டிப் போகும் சுற்றும் வையுங்கள். கிடக்கும் பனங்கட்டை, வறண்ட வாய்க்கால், கம்மாய்க்கரை ஏற்ற இறக்கம் என்று ஏழெட்டுத் தடை போதும். யார் முதலில் வந்தார் என்று பார்க்காமல், குதிரையை யார் தன் கைக்கு அடக்கிக் கொண்டுவந்தார் என்று பார்த்துக் கொடி கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், இப்போது இங்கே வரும் குதிரைகள் பாதிக்குமேல் சூடான குதிரைகள், அதாவது சட்டென்று கொதித்துப் பாய்பவை. பந்தய மைதானத்தில் ஓடி ஓய்ந்தவை, அல்லது மார்வாரி என்னும் ராஜஸ்தான் இனத்து ரத்தம் கலந்தவை. வாங்கும்போது பரி, ஏறியதும் நரி என்று பையன்கள் சிரித்துக்கொள்கிறார்கள். உத்தரகோசமங்கைப் பக்கம், நரியைப் பரியாக்கிய அந்த மாணிக்கவாசகர் கதை தெரியாதவர் யார்? ஆனால் குதிரைமேல் பழி சொல்ல ஒன்றுமில்லை. பந்தயக் குதிரைக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுத்தது, லகான் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு ஓடு என்பதுதான். அதை வாங்கிவந்த தம்பி நிறுத்துவதற்காக லகானை இழுக்கிறான். குதிரை தனக்குத் தெரிந்த பாடத்தை ஒப்பிக்கிறது.

அடுத்து என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாய்க்குள் போடும் கடிவாளத்தை மாற்றுகிறார்கள். சாதாரணக் கம்பி போய் முறுக்குக் கம்பி, அதுவும் போதாமல் முள் வைத்த கடிவாளம். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவில் பல்லில்லாத இடம் ஒன்று உண்டு. கடிவாளம் உட்காருவது அங்கேதான். எலும்பின்மேல் மெல்லிய தோல், அவ்வளவுதான் பாதுகாப்பு. வலி வந்தால் ஓடித் தப்பிப்பது குதிரையின் பிறவிக் குணம். வாயிலேயே வலியை வைத்துவிட்டு நில் என்றால் அது எங்கே ஓடித் தப்பிக்கும்? இழுவை விலங்குகளுக்கும் பொதி விலங்குகளுக்கும் 1965-ல் வந்த விதிகளே முள் கடிவாளத்தைத் தடை செய்துவிட்டன. ஆனாலும் பந்தய நாளில் குதிரை வாயைத் திறந்து பார்க்கும் குழுவை நான் கண்டதில்லை.

வலுவான குதிரையை இழுத்து ஜெயிக்க முடியாது. அதன் எடை 400, 450 கிலோ. நம் தம்பி 60 கிலோ. இழுக்க இழுக்க அது சாய்வதற்கு நாமே ஐந்தாவது கால் கொடுக்கிறோம். செய்ய வேண்டியது, லகானால் கேட்பது, கேட்டதும் லகானை விடுவது. முதுகை நிமிர்த்தி, கணுக்காலில் எடையை இறக்கி, ஒரு நொடி லகான் பிடித்த விரல்களை மூடி, குதிரை துளி தளர்ந்தாலும் அந்தக் கணமே விட வேண்டும். விடுவதுதான் பாடம். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால், கேட்டதற்குச் செவிசாய்த்த பலன் அதற்குக் கிடைக்காது. பிறகு ஏன் கேட்கும்?

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு. பல் உரசுகிறதா, சேணம் முதுகெலும்பில் அழுத்துகிறதா, நாள் முழுக்கக் கட்டிப்போட்டு வயிறு நிறையத் தானியம் போடுகிறோமா? முரடு என்று பேர் வாங்கிய குதிரையை வெறும் நடையில் தினமும் வெளியே கூட்டிப்போய், தானியத்தைக் குறைத்து, புல்லையும் வைக்கோலையும் கூட்டினாலே பாதி முரடு போய்விடும்.

பிறகு தடை. அதை ஓட்டத்தில் தொடங்கவே கூடாது. முழங்கால் உயரத்துக்கும் குறைவான ஒரு கட்டையை, ட்ராட் என்னும் துள்ளுநடையில் வந்து தாண்டி, இறங்கியதும் பெரிய வட்டம் போட்டு நடைக்கு வரவேண்டும். குதிரை பெருமூச்சு விட்டுத் தலையை இறக்கும் வரை அடுத்த கட்டையைக் காட்டக் கூடாது. ஒரே கட்டையை ஒரே பக்கமிருந்து திரும்பத் திரும்பத் தாண்டினால், சூட்டிகையான குதிரை மனப்பாடம் செய்துகொண்டு நமக்கு முன்னே பறக்கும். திசையை மாற்றுங்கள். சில தடவை கட்டையை நோக்கி வந்துவிட்டு, தாண்டாமலே பக்கவாட்டில் வளைந்து போய்விடுங்கள். கட்டையைப் பார்த்தால் பாய வேண்டும் என்ற எண்ணம் போய், மேலே இருப்பவன் என்ன சொல்கிறான் என்று காதைத் திருப்பும். கேண்டர் என்னும் மிதமான பாய்ச்சலில் இரண்டு தடை, மூன்று தடை என்று சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, வீட்டுத் திசை. எந்தக் குதிரையும் கொட்டிலை நோக்கித் திரும்பியதும் லகானில் சாய்ந்து கைக்குக் கனக்கும். அதனால் ஓட்டமும் தாண்டலும் ஊரைவிட்டு விலகும் திசையில் இருக்கட்டும். திரும்புவது எப்போதும் நடையில். துணைக்கு வயதான, அமைதியான குதிரை ஒன்றைக் கூட்டிப்போவது நல்லது. நம் பையன்கள் செய்வது நேர் எதிர். இரண்டு சூடான குதிரைகளைச் சேர்த்துக் கடற்கரையில் போட்டி ஓட்டி, கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். ஒரு மாலை நேரத்து ஓட்டம், பல வாரப் பழக்கத்தைக் கரைத்துவிடும்.

நம் தரையையும் சொல்ல வேண்டும். அலை நனைத்து இறுகிய மணல் குதிரைக்கு நல்லது. அதிலிருந்து திடீரென்று காய்ந்த மணலுக்கு வேகத்தில் ஏறினால் கால் தசைநாண் போய்விடும். சீமைக்கருவேல முள் குளம்புக்குள் ஏறியதை அன்றைக்கே பார்க்காவிட்டால் சீழ் கட்டும். கம்மாயில் தண்ணீர் இருந்தால், அடியில் சகதியா தரையா என்று நாம் நடந்து பார்த்தபிறகே குதிரையை இறக்க வேண்டும். கரையில் வலை காய்கிறது, நங்கூரக் கயிறு கிடக்கிறது, பாசி எடுக்கும் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சனவரி முதல் மார்ச் வரை ஆமை ஏறி முட்டையிடும் மேல்மணல் வேறு இருக்கிறது. கையில் நிற்காத குதிரைக்கு இங்கே இடமே இல்லை. அதனால்தான் சுற்றைக் கடற்கரையில் வைக்க வேண்டாம், உள்ளே பொட்டலில் வையுங்கள் என்கிறேன்.

இது சீமைக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று யாராவது கேட்பார்கள். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கிராஸ் கன்ட்ரியும் அடங்கிய ஈவென்டிங் என்னும் பிரிவில் தங்கம் வாங்கியவர் நம் ராணுவத்தின் ரகுபீர் சிங். 2018 ஜகார்த்தாவில் ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளியும், அணியோடு இன்னொரு வெள்ளியும் எடுத்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆவதாக வந்தார். இந்தப் போட்டியில் கிராஸ் கன்ட்ரிக்கு முன்பே குதிரை டிரெஸாஜ் என்னும் அடக்கம் காட்டும் சுற்றுக்கான மைதானத்தில் அமைதியாக வட்டம் போட்டு, சொன்ன இடத்தில் அசையாமல் நின்று காட்ட வேண்டும். அது முடிந்த பிறகுதான் பாய்ச்சல். அங்கே குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நொடிக்கும் 0.4 புள்ளி அபராதம். தடைமுன் மறுத்து நின்றால் 20. அதைவிட நமக்குப் பொருத்தமானது அமெரிக்காவின் தொடக்கநிலைப் போட்டி விதி. அங்கே மிக வேகமாக வந்து முடித்தாலும் அபராதம் உண்டு. கற்றுக்குட்டிகளுக்குத்தான் அது அதிகம் தேவை என்று கண்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய பழி ஒன்றும் நம்மேல் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, கப்பலில் வந்திறங்கும் குதிரைக்கு இங்கே பொன்னைக் கொட்டிக் கொடுக்கிறார்கள், வளர்க்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்துபோனவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இன்றைக்கும் குதிரையின் விலையைப் பேசுகிற அளவுக்கு அதன் வாயைப் பற்றி நாம் பேசுவதில்லை.

சுற்று வைப்பதானால் சில விஷயங்களில் கறாராக இருங்கள். தடை இரண்டடிக்குமேல் வேண்டாம். இந்தத் தடைகள் தட்டினால் விழாதவை. குதிரையின் முன்னங்கால் கட்டையில் மாட்டினால் அது தலைகுப்புற ஆள்மேல் புரளும். தலைக்கவசம் இல்லாதவனை ஏற்றாதீர்கள், எவ்வளவு பெரிய வீட்டுப் பிள்ளையானாலும் சரி. புறப்படும் முன் கால்நடை மருத்துவர் வாயையும் முதுகையும் காலையும் பார்க்கட்டும். முள் கடிவாளம் இருந்தால் அங்கேயே கழற்றுங்கள். வெயில் ஏறும் முன் காலையிலேயே முடித்துவிடுங்கள். நடுவில் ஓரிடத்தில் சுண்ணாம்பால் பெட்டி வரைந்து, அதற்குள் குதிரையை நிறுத்தி, லகானைத் தளர்த்தி, பத்து எண்ணும் வரை நிற்கச் சொல்லுங்கள். கூட்டம் அந்த இடத்தில்தான் கூடும், பாருங்கள். ஓடுகிற குதிரையைக் கூட்டம் நிறையப் பார்த்துவிட்டது.

பரிசுத் தொகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கொடி மட்டும் சாலைப் பந்தயத்தில் கொடுக்கும் அதே அளவில், அதே மேடையில் இருக்கட்டும். ஓரமாக ஆறுதல் பரிசு மாதிரி கொடுத்தால் ஒரு தம்பியும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பொட்டல் சேறாகிவிடும். அதற்குள் எந்த ஊர்க் குழு கூப்பிட்டாலும் வருகிறேன். தரையை நடந்து பார்த்து, கட்டைகளை எங்கே போடலாம் என்று குறித்துத் தருகிறேன். சாய்ந்த பனைகளை மட்டும் யாரும் விறகுக்கு வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உச்சிப்புளிப் பக்கம் குதிரை பழக்கும் ஒருவன்