மாமனாரை ரோத்தன்பர்க் அழைத்துப் போகும் மகனுக்கு

தஞ்சாவூர்

அன்புள்ள செல்வாவுக்கு,

அம்மா எழுதுவது. சம்பந்தி வீட்டார் மே மாதம் ஜெர்மனிக்கு வருவது உறுதியாகிவிட்டது என்று சுதா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். நீ அனுப்பிய பயணத் திட்டத்தையும் பார்த்தேன். காலையில் ரோத்தன்பர்க், மதியம் டிங்கல்ஸ்ப்யூல், சாயங்காலம் வூர்ட்ஸ்பர்க் என்று ஒரே நாளில் மூன்று ஊர் போட்டிருக்கிறாய். வேண்டாம்டா. அந்த நாளை ரோத்தன்பர்க்குக்கு மட்டும் கொடு. ஏன் சொல்கிறேன் என்பது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மாமனார் காரைக்குடிப் பட்டறையில் உளி பிடித்து வளர்ந்தவர். பர்மாத் தேக்கு நிலைக்கதவுகளில் பூவும் யாளியும் லட்சுமியும் செதுக்கியவர். அவரை அந்த ஊருக்கு அழைத்துப் போவதென்றால் முதலில் யோசிக்க வேண்டியது ஒரே இடம்தான், தூய யாக்கோபு தேவாலயத்தின் மாடியில் இருக்கும் மரப்பீடம். மற்றதையெல்லாம் அதைச் சுற்றி வைத்துக்கொள்.

ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி 1500-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செதுக்கியது அது. 1505-ல் வேலை முடிந்தது. கிறிஸ்துவின் ரத்தத்துளி என்று நம்பப்பட்ட ஒன்றை அந்தத் தேவாலயத்தில் வைத்திருந்தார்கள். அதைத் தரிசிக்க யாத்திரிகர்கள் வந்தபடி இருந்தார்கள். அதற்கென்று எழுப்பிய பீடம் இது. நடுவில் கடைசி இராவுணவு. இந்தக் காட்சியை வரைந்தவர்கள் பெரும்பாலும் இயேசுவைத்தான் நட்டநடுவில் வைப்பார்கள். இவர் பணப்பையோடு நிற்கும் யூதாஸை நடுவில் நிறுத்தியிருக்கிறார். இயேசு கொஞ்சம் தள்ளியிருந்து அவனுக்கு அப்பத்துண்டை நீட்டுகிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தும் கொடுக்கிற அந்தக் கையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு மரவேலை தெரியாது. தெரிந்தவர் பார்த்தால் இன்னும் எவ்வளவு பிடிபடும் என்று அப்போதே தோன்றியது.

மாமனாரிடம் முன்கூட்டியே சில விஷயங்களைச் சொல்லி வை. அது லிண்டன் மரம். தேக்கு மாதிரி வைரம் பாய்ந்ததில்லை, மிருதுவானது, ரேகை நெருக்கமானது. அதனால்தான் முடிக்கற்றையையும் துணி மடிப்பையும் அவ்வளவு நுணுக்கமாக எடுக்க முடிந்திருக்கிறது. காய்ந்து வெடிக்காமல் இருக்க உருவங்களின் முதுகுப்பக்கத்தைக் குடைந்துவிடுவது அந்தக் காலத்து ஜெர்மன் சிற்பிகளின் வழக்கம். அதைவிட முக்கியம், இதற்கு வண்ணம் பூசவில்லை. அந்தக் காலத்து மரச்சிற்பங்களுக்குப் பொன்னும் நீலமும் சிவப்பும் அப்பாமல் விடமாட்டார்கள். இவர் மரத்தை மரமாகவே விட்டார். உருவங்கள் நிற்கும் பேழையின் பின்புறச் சுவரிலேயே கண்ணாடிச் சில்லுகள் பதித்த சின்ன ஜன்னல்கள் இருக்கின்றன. அவற்றின் வழியே வெளிச்சம் வரும். நேரம் மாற மாற முகங்களின் நிழலும் மாறும். பேழையின் தச்சு வேலையை எர்ஹார்ட் ஹார்ஷ்னர் என்ற தனி ஆசாரி செய்தார். சிலை ஒருவர், சட்டம் ஒருவர் என்று வேலை பிரித்துக்கொள்வதைப் பற்றி உன் மாமனாருக்கு நிறையச் சொல்ல இருக்கும். கேட்டு வை.

அங்கே அவரை அவசரப்படுத்தாதே. கைக்கடிகாரத்தைப் பார்க்காதே. ஒரு மணி நேரம் நின்றால் நிற்கட்டும். நீயும் பக்கத்தில் நில். மாமியாருக்கு முழங்கால் வலி என்று தெரியும். மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். முடியாவிட்டால் அவர்களும் சுதாவும் கீழே முதன்மைப் பீடத்தைப் பார்க்கலாம். அது 1466-ல் ஃப்ரீட்ரிக் ஹெர்லின் வரைந்தது. அதன் ஓவியங்களில் ஒன்றில் அந்தக் காலத்து ரோத்தன்பர்க் சந்தைச் சதுக்கமே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதே சதுக்கத்தில் நின்று பார்க்கச் சொல்.

அந்தச் சிற்பியின் வாழ்க்கையையும் மாமனாருக்குச் சொல். ரீமன்ஷ்னைடர் வூர்ட்ஸ்பர்க்கில் பட்டறை வைத்திருந்தவர். வேலையால் மதிப்பு வந்து நகரசபையில் உட்கார்ந்து மேயராகவும் ஆனார். 1525-ல் குடியானவர்கள் பிரபுக்களை எதிர்த்து எழுந்தபோது வூர்ட்ஸ்பர்க் நகரசபை அவர்கள் பக்கம் நின்றது. கலகம் தோற்றது. ஊரை ஆண்ட பிஷப்பின் கோட்டையில் இவரை அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். சொத்தில் பெரும்பகுதியைப் பறித்தார்கள். கையை முறித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு, அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் பெரிய வேலை எதுவும் செய்யவில்லை. 1531-ல் இறந்தார். பிறகு உலகம் அவரை மறந்தே போனது. 1822-ல் அவருடைய கல்லறைக் கல் கிடைத்த பிறகுதான் பெயர் மறுபடி வெளியே வந்தது. கோயில் கோயிலாகச் செதுக்கிவிட்டுப் பெயரில்லாமல் போன நம் ஆசாரிகளை நினைத்துக்கொண்டேன்.

சரி, போகிற வழி. நியூரம்பர்க்கிலிருந்து ரயிலிலேயே போங்கள். அன்ஸ்பாக் வழியாக ஷ்டைனாக் போய், அங்கே கட்டாயம் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து கிளைப்பாதையில் கால் மணி நேரம். பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்கான ஒருநாள் டிக்கெட், ஒன்று எடுத்தால் ஐந்து பேர் வரை போகலாம். வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும் என்பதை மறந்துவிடாதே. விரைவு ரயிலில் செல்லாது. ஷ்டைனாக்கில் இணைப்பு வண்டிக்கு நேரம் குறைவாக இருக்கும். அதனால் இறங்குவதற்கு முன்பே மாமியாரைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்து. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப்பெயரை முழுசாகப் பார்த்துக்கொள். ‘ஓப் டெர் டௌபர்’ என்று இருக்க வேண்டும். அதே பெயரிலும் சாயலிலும் ஜெர்மனியில் வேறு ஊர்களும் இருக்கின்றன.

சனி ஞாயிறு வேண்டாம். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். பெந்தெகொஸ்தே விடுமுறையை ஒட்டி அங்கே பெரிய விழா. அது அழகுதான், ஆனால் முழங்கால் வலிக்காரரையும் குட்டியையும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் போக முடியாது. வெள்ளிக்கிழமையும் வைக்காதே. சம்பந்தியம்மா செவ்வாய் வெள்ளி சைவம், முட்டைகூடத் தொடமாட்டார்கள். அந்த ஊரில் கடைக்குக் கடை வைத்திருக்கும் பனிப்பந்துப் பலகாரத்தில் முட்டை உண்டு. மாவை நாடாவாக வெட்டிச் சுருட்டிப் பொரித்துச் சர்க்கரை தூவியது. ருசி சுமார்தான் என்றாலும், ஆசைப்பட்டு வாங்கிய பிறகு சாப்பிட முடியாமல் போனால் மனசு கஷ்டப்படும். புதன் அல்லது வியாழன் வை.

ரயில் நிலையத்திலிருந்து சந்தைச் சதுக்கம் நடக்கிற தூரம்தான். மதில் வாசலைத் தாண்டியதும் தெருவெல்லாம் கல் பாவியது. மாமியார் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வரக் கூடாது. வீட்டில் பழகிய ஷூ வேண்டும். மே மாதம் என்று நம்பி ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள், மதிலின் மேல் காற்று குத்தும். கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்.

இறங்கியதும் நேரே தேவாலயம். பதினோரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து கொட்டும். அந்த நேரத்தில் எல்லோரும் சதுக்கத்தில் நின்று கடிகாரத்தின் பக்கத்து ஜன்னல்கள் திறப்பதற்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். 1631-ல் டில்லி என்ற தளபதியின் படை ஊரைப் பிடித்தபோது, மேயர் மூன்றேகால் லிட்டர் ஒயினை ஒரே மூச்சில் குடித்துக் காட்டி ஊரைக் காப்பாற்றினார் என்ற கதைக்கான பொம்மைகள் அவை. படை வந்தது வரலாறு, குடித்தது கதை. குட்டிக்கு ஒருமுறை காட்டு, போதும். சித்திரவதைக் கருவிகள் வைத்திருக்கும் மியூசியத்துக்குக் குட்டியைக் கூட்டிப் போகாதே.

மதியம் கோட்டைத் தோட்டம். சுதாவை எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் கட்டச் சொல். அங்கே மரநிழலில் பெஞ்சுகள் உண்டு. கீழே டௌபர் ஆறும் இரட்டைப் பாலமும் தெரியும். அங்கே இருந்த கோட்டை 1356 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. தேவாலய வேலையே போதாது என்று மாமனார் சொன்னால், திரும்பி வரும் வழியில் ஹெர்ன்காஸ்ஸே தெருவில் ஃபிரான்சிஸ்கன் தேவாலயம் இருக்கிறது, அங்கேயும் ரீமன்ஷ்னைடர் பீடம் ஒன்று உண்டு. பள்ளத்தாக்கில் டெட்வாங் கிராமத்திலும் ஒன்று. அதற்கு டாக்சி பிடி, ஏற்றம் கடுமை.

அந்தத் தோட்டத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கும், அதைத் தாண்டிப் போகாதே. 1298-ல் அந்த ஊர் யூதர்களைக் கொன்றதற்கான கல் அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ரப்பி மேயர் என்ற யூத மதகுரு, பேரறிஞர், அங்கே வாழ்ந்தார். ஜெர்மன் அரசன் அவரைச் சிறைப்பிடித்துப் பணம் கேட்டான். தன்னைப் பணம் கொடுத்து மீட்டால் இனி ஒவ்வொரு அறிஞரையும் பிடிப்பார்கள் என்று அவர் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். 1293-ல் சிறையிலேயே இறந்தார். உடலைக்கூட 1307-ல் பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். 1520-ல் மிச்சமிருந்த யூதர்களையும் துரத்தினார்கள். அப்புறம் நாஜிகள் காலத்தில் இந்த ஊரை அசல் ஜெர்மனி என்று காட்டி, ரயில் ரயிலாக ஆட்களை அழைத்து வந்தார்கள். 1938 அக்டோபரில் கடைசி யூதக் குடும்பங்களையும் விரட்டினார்கள். முப்பது வருஷம் சரித்திரப் பாடம் எடுத்தவள் நான், அழகான ஊரைக் காட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. சுதாவுக்கும் சொல். குட்டிக்கு வயது வரட்டும்.

இந்த ஊர் இப்படியே நின்றதற்குக் காரணத்தைக் கேட்டால் மாமனார் ஆச்சரியப்படுவார். 1274-லிருந்து பேரரசரைத் தவிர யாருக்கும் அடங்காத பேரரசு நகரமாகச் செழித்த ஊர், டில்லியின் படை வந்த அந்த முப்பதாண்டுப் போருக்குப் பிறகு ஏழையாகிவிட்டது. மதிலை இடித்து ஊரை விரிக்கவோ, பழைய வீட்டைத் தள்ளிவிட்டுப் புதுசு கட்டவோ காசில்லை. பக்கத்து நகரங்கள் எல்லாம் மாறிக்கொண்டிருந்தபோது இது அப்படியே கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓவியர்கள் வந்து பார்த்து வரைந்தார்கள். 1873-ல் ரயில் வந்தது. அதன் பிறகு பழமையே அதன் பிழைப்பாகிவிட்டது. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்துக் கதவையும் தூணையும் விற்பதைப் பார்த்தவர் அவர், இதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருக்கும்.

நாலு மணிக்கு மேல் பேருந்துகள் கிளம்ப ஆரம்பிக்கும். நீங்கள் கிளம்பாதீர்கள். அதுதான் இந்தக் கடிதத்தில் நான் வற்புறுத்திக் கேட்பது. மாமியாரை ஒரு காபிக்கடையில் உட்கார வை. அப்புறம் ப்ளோன்லைன் முனைக்கு மெதுவாக நடங்கள், தெரு இரண்டாகப் பிரியும் இடத்தில் மஞ்சள் வீடும் இரண்டு கோபுரங்களும் தெரியும். எல்லாக் காலண்டரிலும் வரும் காட்சி. பகலில் அங்கே பத்து பேரைத் தள்ளிவிட்டுத்தான் போட்டோ எடுக்க முடியும்.

கடைசியாக மதில். கூரை போட்ட மர நடைபாதை, டிக்கெட் கிடையாது, இரண்டரை கிலோமீட்டர் அளவுக்கு நடக்கலாம். முழுதும் வேண்டாம், கிழக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் போதும். ஏறும் படி செங்குத்து, உத்தரம் தாழ்வு, உன் உயரத்துக்குத் தலை இடிக்கும். குட்டியின் கையை விடாதே. சுவரில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கும், அமெரிக்கப் பெயர், ஜப்பானியப் பெயர் எல்லாம் உண்டு. 1945 மார்ச் 31-ல் குண்டு விழுந்து ஊரின் கிழக்குப் பகுதி எரிந்தது. 39 பேர் செத்தார்கள். அந்த மதிலைத் திரும்பக் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அவை. அதற்கு மேல் பீரங்கியால் ஊரை அடிக்க வேண்டாம் என்று தடுத்தவர் அமெரிக்கப் போர்த்துறை அதிகாரி ஜான் மெக்ளாய். அவருடைய அம்மா இந்த ஊரின் அழகைப் பற்றி மகனிடம் சொல்லியிருந்தாராம். ஊரிலிருந்த ஜெர்மன் தளபதியும் மேலிடத்து உத்தரவை மீறிச் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்தார்.

மே மாதம் எட்டரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். இருட்டுவதற்குள் ரயிலடிக்கு வந்துவிடலாம். ராத்திரிக் காவலர் வேடத்தில் ஒருவர் விளக்கோடு ஊரைச் சுற்றிக் காட்டுவது உண்டு, ஆங்கிலத்தில் 8 மணிக்கு. குட்டி தூங்கி விழாமல் இருந்தால் மட்டும் பார். கடைசி வண்டி நேரத்தை அன்று காலையிலேயே குறித்துக்கொள்.

வூர்ட்ஸ்பர்க்கை இன்னொரு நாள் தனியாக வை. அங்கே மரியன்பெர்க் கோட்டையின் மியூசியத்தில் ரீமன்ஷ்னைடர் வேலை நிறைய இருக்கிறது. அவரை அடைத்து வைத்த அதே கோட்டை. முதலில் பீடத்தைப் பார்த்துவிட்டு அங்கே போனால் மாமனாருக்குப் புரியும்.

அப்பா உன்னை விசாரித்தார். குட்டிக்கு முத்தம். மாமனாரின் தூரப்பார்வைக் கண்ணாடியைப் பெட்டியில் வைக்கச் சொல்லி சுதாவிடம் இப்போதே சொல்லிவிடு. பீடம் உயரம், மேலே உள்ள உருவங்கள் கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தெரியாது.

அன்புடன்,
அம்மா