ஞாயிறு கூட்டம்: நாவல், முந்திரிகை (திராட்சை) செய்கையாளர் கவனத்துக்கு

வணக்கம் உறவுகளே. வருகிற ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு நமது பொதுநோக்கு மண்டபத்தில் கூடுகிறோம். பேச்சு ஒன்றுதான்: சங்கம் அமைப்பதா, இல்லையா.

"சங்கம் வைத்து என்ன கண்டோம்" என்று சில அண்ணைமார் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் கிரான்பெரி என்கிற சின்னச் சிவப்புப் புளிப்புப் பழம் செய்கிறவர்களின் கதையைச் சொல்கிறேன். 1930இல் மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுதான் ஓஷன் ஸ்பிரே. இன்றைக்கும் அது விவசாயிகளின் சொத்து. 1959 நவம்பரில், பழங்கள் சிலவற்றில் களைநாசினி எச்சம் இருப்பதாக அந்நாட்டு அரசாங்கம் அறிவித்தது. அந்தப் பழம் கூடுதலாக விலைப்படுகிற நன்றி நவிலல் (தாங்ஸ்கிவிங்) பண்டிகை நேரம் வியாபாரம் படுத்துவிட்டது. ஒரு பண்டிகையை மட்டும் நம்பியிருந்தால் இதுதான் கதி என்று விளங்கி, பிறகு ஜூஸ் பக்கம் முழுமூச்சாக இறங்கினார்கள். தனி ஆளால் ஆகிற காரியமா அது?

நம் நாவற்பழத்தைப் பாருங்கள். காலையில் பொறுக்கி பொலித்தீன் பையில் கட்டினால், பின்னேரம் அடியில் நசிந்து ஊதாச் சாறு வடியும். வாங்க வருகிறவர் அந்தப் பையைத் தூக்கிக் காட்டியே விலையை இறக்குவார். தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகளைச் சேர்ந்து வாங்கினால் பாதித் தலையிடி போகும். முந்திரிகைக்கு மருந்து அடித்த தேதியை எல்லோரும் கொப்பியில் எழுதவும் வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

சந்தாத் தொகையை அன்றைக்கே பேசி முடிப்போம். வர முடியாதவர்கள் இங்கேயே குரல்பதிவு போடுங்கள். அப்புறம், தயவுசெய்து காலை வணக்கப் படங்களைக் கொஞ்சம் குறையுங்கள்.