கட்டியை உண்டாக்கியவர்களே அறுவை சிகிச்சைக்கும் பொறுப்பேற்க வேண்டும்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

உடம்பின் மேல் குளிர்க்கருவியை வைத்து, கொழுப்பை உறையவைத்துக் குறைக்கும் ஃபேட் ஃப்ரீசிங் சிகிச்சையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளினிக்குகளைப் பதிவு செய்து சான்றிதழ் தருவதே உங்கள் துறைதான். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை, முடிந்ததும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு கிளினிக்கில் சிகிச்சை எடுத்த என் தங்கைக்கு இப்போது அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. செலவை ஏற்க முடியாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி போன வாரம் கடிதம் அனுப்பிவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு அடிவயிறு குறையவில்லை. சிகிச்சை முடிந்து மூன்றாவது மாதம், கருவி வைத்த இடம் மட்டும் புடைக்கத் தொடங்கியது. சாதாரணத் தொப்பை மாதிரி இல்லை. கருவியின் அச்சிலேயே, ஓரங்கள் தெரிய, கெட்டியாக எழும்பி நின்றது. வலி இல்லை, ஆனால் எந்தச் சேலை கட்டினாலும் தெரிகிறது. பஸ்ஸில் ஒரு பெரியம்மா, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டு எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். பாவம், நல்ல மனசோடுதான் கேட்டார். அன்றிலிருந்து தங்கை பஸ் ஏறுவதில்லை. கிளினிக்கில் போய்க் காட்டினால், "சாப்பாட்டைக் குறைங்க மேடம், இன்னொரு சிட்டிங் எடுத்தா சரியாயிடும்" என்றார்கள். அவளும் ராத்திரிச் சாப்பாட்டையே நிறுத்தினாள். கன்னம் ஒட்டிப்போனது, கை மெலிந்தது. வயிற்றில் இருந்தது மட்டும் வளர்ந்தது.

பட்டினி கிடந்தால் இது கரையாது என்பது உங்கள் துறையில் இருக்கும் எந்த பிளாஸ்டிக் சர்ஜனுக்கும் தெரியும். 'பாரடாக்சிகல் அடிபோஸ் ஹைப்பர்பிளாசியா' என்ற பெயரில் 2014-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த விஷயம் இது. சாக வேண்டிய கொழுப்புத் திசு சாகாமல் பெருகி, நார் ஓடிப்போய் இறுகுகிறது. லிண்டா இவாஞ்சலிஸ்டா என்ற உலகப் புகழ்பெற்ற மாடல் இதனால் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போனதாக 2021-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு லைப்போசக்ஷன், அதாவது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை, செய்தும் கட்டிகள் திரும்பி வந்தன. கருவியைத் தயாரித்த கம்பெனி அந்தச் செலவை ஏற்க முன்வந்தது. ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துக் கேட்டது என்கிறார் அவர்.

இங்கே செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. தங்கையைப் பார்த்த சர்ஜன், கட்டி கொஞ்சம் இளகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்கிறார். நார்த்திசு அதிகம் என்பதால் ஒரே லைப்போசக்ஷனில் முடியாமலும் போகலாம், தோல் தொங்கினால் வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கவும் வேண்டியிருக்கலாம். விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்றவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்குப் பணம் தருவோம், இது அழகு சிகிச்சை, தர மாட்டோம் என்கிறது இன்சூரன்ஸ். கிளினிக் அவள் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறது. நாலு பக்கமும் ஆங்கிலம். அரிதான பக்கவிளைவுகள் வரலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அறுவை சிகிச்சை என்ற சொல் எங்குமே இல்லை.

நான் கேட்பது இதுதான். கருவியை உடம்பில் வைப்பதற்கு முன்பே, இப்படிக் கட்டி வரலாம், வந்தால் அறுவை சிகிச்சைதான் வழி, அந்தச் செலவு கிளினிக்குடையது என்று தமிழில் எழுதிக் கொடுப்பதைப் பதிவுக்கான நிபந்தனையாக ஆக்குங்கள்.

2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் அந்த நிலையத்தைப் பூட்டி சீல் வைத்தீர்கள். உயிர் போனால்தான் அதிகாரிகள் வருவார்கள் என்றால், உயிரோடு இருந்துகொண்டு வாசற்படி தாண்டக் கூசுகிறவர்கள் யாரிடம் போவது? மூலைக்கு மூலை அழகு நிலையங்களில் லேசர், ஊசி, குளிர்க்கருவி என்று எதெதுவோ நடக்கிறது. எந்தக் கருவியை யார் இயக்குகிறார்கள், அவர் என்ன படித்திருக்கிறார் என்று உள்ளே போய்ப் பார்க்க உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1997-லேயே போட்ட சட்டம். அதைக் கையில் வைத்துக்கொண்டு புகாருக்காகக் காத்திருப்பது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை நம்பித்தான் எழுதுகிறேன். கட்டியை உண்டாக்கிய இடமே அதை எடுக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதுவரை, இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை அரசு மருத்துவக் கல்லூரிகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளில் "அழகுக்காக வந்தவர்" என்று திருப்பி அனுப்பாமல் பார்க்கச் சொல்லுங்கள். நேரம் ஒதுக்கினால் தங்கையின் ஸ்கேன், ரசீதுகள், அந்த நாலு பக்கத் தாள் எல்லாவற்றையும் நேரில் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பாதிக்கப்பட்டவரின் அக்கா,
சென்னை