அட்டைகள் வந்தபடி இருக்கட்டும், ஒழுங்கு ஏட்டில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்டு வெளியிடப்படும் அட்டைகளைச் சேகரிப்போருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எடுத்துக்கொண்ட பொருளும் எழுதிய விதமும் நன்றாகவே இருந்தன. ஆனால் அட்டைகள் பெருகும்போது அவற்றை வீரர் வாரியாகப் பிரித்து அடுக்கி, விலை கூடியவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் போதும் என்று அதில் சொல்லப்பட்டிருந்த யோசனையை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நூறு அட்டைகள் வைத்திருப்பவருக்கு அது சரிப்படும். ஆயிரத்தைத் தாண்டியவருக்கு அது தீராத வேலை. நூலகத்தில் பதிவேடு எழுதியே பணிக்காலத்தைக் கழித்தவன், வீட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகளோடு வாழ்பவன் என்ற இரண்டு உரிமைகளில் இதை எழுதுகிறேன்.

நானும் முதலில் வீரர் வாரியாகத்தான் அடுக்கினேன். பிறகு அணி வாரியாக மாற்றினேன். வீரர்கள் அணி மாறும்போதெல்லாம் என் அட்டைகளும் பெட்டி மாற வேண்டியிருந்தது. அதையும் விட்டு விலை வாரியாக அடுக்கிப் பார்த்தேன். விலையோ ஓர் ஆட்டத்தில் ஏறி அடுத்த ஆட்டத்தில் இறங்குகிற ஒன்று. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி உட்கார்ந்ததில் முதுகு வலித்தது போக, நான்கைந்து அட்டைகளின் முனையும் மழுங்கியது. இவ்வளவுக்கும் பிறகு, என்னிடம் ஏற்கெனவே மூன்று பிரதிகள் இருந்த ஓர் அட்டையை நான்காவது முறையாக வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். அலமாரியில் அதை வைக்கப் போனபோதுதான், பகலெல்லாம் அலுவலகத்தில் செய்த வேலையை வீட்டில் ஒருநாள்கூடச் செய்யவில்லை என்பது உறைத்தது.

நூலகத்தில் ஒரு நூல் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் ஆசிரியர் பெயரைச் சொல்லியும் தேடலாம், தலைப்பைச் சொல்லியும் தேடலாம், பொருளைச் சொல்லியும் தேடலாம். நூலை நகர்த்தாமல் இத்தனை வழிகளையும் திறந்து வைப்பது பட்டியல்தான். அட்டைக்கும் இதுவே பொருந்தும். அலமாரியிலேயே எல்லா ஒழுங்கையும் காட்டிவிட வேண்டும் என்று நினைப்பதால்தான் சேகரிப்பாளர்கள் ஆண்டுக்கொரு முறை அடுக்கிக் கலைத்து மீண்டும் அடுக்குகிறார்கள். நூலகத்தை வளர்கின்ற உயிராகக் கண்டு அதை நூலகவியலின் ஐந்தாவது விதியாகவே வகுத்தவர் நூலக அறிஞர் எஸ்.ஆர்.இரங்கநாதன். வளர்கிற எதற்கும், புதிதாக வருவது பழையதைக் குலைக்காமல் வந்து உட்கார இடம் வேண்டும்.

வீரர் பெயரை முதல் அடையாளமாகக் கொள்வதில் உள்ள சிக்கலுக்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். டாப்ஸ் என்ற அமெரிக்க அட்டை நிறுவனத்தின் 1969-70ஆம் ஆண்டு கூடைப்பந்துத் தொகுப்பில் 25ஆம் எண் அட்டையில் இருப்பவர் லூ அல்சிண்டர். அவரே பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆனார். ஒரே மனிதரின் அட்டைகளை இரண்டு இடங்களில் வைப்பதா, ஓரிடத்தில் வைப்பதா? இதைவிட வேடிக்கை 1990ஆம் ஆண்டு டாப்ஸ் பேஸ்பால் தொகுப்பின் 414ஆம் எண் அட்டை. அச்சுப் பிழையால், சில பிரதிகளின் முன்பக்கத்தில் ஃபிராங்க் தாமஸ் என்ற வீரரின் பெயரே விழவில்லை. பெயர் இல்லாததாலேயே தேடப்படுகிற அட்டையைப் பெயர் வாரியாக எங்கே அடுக்குவது? போதாக்குறைக்கு, அதே பெயரில் இன்னொருவர் 1950களில் பேஸ்பால் ஆடியிருக்கிறார்.

ஆகவே அட்டையின் அடையாளத்தை முன்பக்கத்துப் படத்தில் தேடாமல், பின்பக்கத்தில் தேட வேண்டும் என்பேன். வெளியான ஆண்டு, வெளியிட்ட நிறுவனம், தொகுப்பின் பெயர், தொகுப்புக்குள் அதன் எண் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அட்டையின் முகவரி. நான்கில் ஒன்று குறைந்தாலும் தபால் வேறு வீட்டுக்குப் போய்விடும். பனித்தரை ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டையை எடுத்துக்கொள்வோம். 1979-80 பருவத்துக்கு அமெரிக்காவில் டாப்ஸும் கனடாவில் ஓ-பீ-சீ நிறுவனமும் அதை வெளியிட்டன. இரண்டிலும் ஒரே படம், ஒரே எண், 18. திருப்பிப் பார்த்தால் கனடாப் பதிப்பில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருக்கும், மற்றதில் இருக்காது. டாப்ஸ் தொகுப்பில் 264 அட்டைகள், ஓ-பீ-சீ தொகுப்பில் 396. சந்தையில் இரண்டின் மதிப்பும் வெகுவாக வேறுபடும். ‘கிரெட்ஸ்கி, 1979’ என்று மட்டும் எழுதி வைத்தவருக்குத் தம்மிடம் இருப்பது எது என்று தெரிய மறுபடியும் பெட்டியைத்தான் குடைய வேண்டும். ஆண்டைக் கண்டுபிடிப்பதிலும் சிறு நுணுக்கம் உண்டு: பின்பக்கத்துப் புள்ளிவிவரம் எந்த ஆண்டோடு முடிகிறதோ அதற்கு அடுத்த ஆண்டு அட்டையாக அது இருப்பதே பெரும்பாலான வழக்கம். பதிப்புரிமை வரியில் உள்ள ஆண்டை மட்டும் நம்பி எழுதினால் சில நேரங்களில் ஓராண்டு பிசகிவிடும்.

இது என் கண்டுபிடிப்பு அன்று. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரத்தில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஜெஃபர்சன் பர்டிக் என்பவர், எவரும் மதிக்காத அச்சு அட்டைகளுக்கெல்லாம் குறியீடு கொடுத்து 1939இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’, இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘டி’ என்று ஆங்கில எழுத்தும், அதன் பின்னால் ஓர் எண்ணும் இட்டார். 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த தொகுப்பை உலகம் இன்றைக்கும் ‘டி206’ என்று அழைப்பதும், பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற அட்டை அந்தக் குறியீட்டாலேயே அறியப்படுவதும் அவர் எழுதிய பட்டியலால்தான். தம்மிடம் இருந்த மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை 1947 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு வழங்கத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் அங்கேயே உட்கார்ந்து அவற்றை ஆல்பங்களில் ஒழுங்குபடுத்தினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. இரண்டு மாதத்தில் காலமானார். அவர் பசையால் ஒட்டினார் என்பதை நினைத்தால் இன்றைய சேகரிப்பாளருக்கு நெஞ்சு பதறும். பசையை மன்னித்துவிட்டு முறையை எடுத்துக்கொள்வோம்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். முழுத் தொகுப்பாகச் சேர்க்கும் அட்டைகளை, ஒன்பது அறைகள் கொண்ட பிளாஸ்டிக் தாள்களில் எண் வரிசையில் போட வேண்டும். இல்லாத அட்டையின் அறையைக் காலியாகவே விட வேண்டும். இடத்தை வீணாக்குவதாகத் தோன்றும். ஆனால் அந்தக் காலி அறைதான் வாங்க வேண்டியவற்றின் பட்டியல். அதோடு, எந்த அட்டையும் எங்கே இருக்கும் என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடலாம். ஃபிளியர் நிறுவனத்தின் 1986-87 கூடைப்பந்துத் தொகுப்பில் மொத்தம் 132 அட்டைகள். மைக்கேல் ஜோர்டனின் எண் 57. ஆறு தாள்களில் 54 போக மீதி மூன்று. ஆகவே ஏழாவது தாளில் மேல் வரிசையின் வலது ஓர அறை. அங்கே அட்டை இருந்தால் இருக்கிறது, அறை காலியாக இருந்தால் இல்லை. இந்தக் கணக்கு இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமும் உள்ள வழக்கமான அட்டைகளுக்கே பொருந்தும். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் பேஸ்பால் அட்டைகள் அதைவிடப் பெரியவை; மேலே சொன்ன அல்சிண்டர் அட்டை இன்னும் நெட்டை. அவற்றை ஒன்பது அறைத் தாளில் திணிக்கவே கூடாது.

தொகுப்பில் சேராத உதிரி அட்டைகளுக்கு நான் கையாளும் முறை பலருக்கு விசித்திரமாகப் படும். அவற்றை நான் எந்த வகையிலும் பிரிப்பதில்லை. வந்த வரிசையிலேயே பெட்டியில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மெல்லிய உறை, மதிப்புள்ளதாயின் உறைக்கு மேல் டாப்லோடர் எனப்படும் விறைப்பான பிளாஸ்டிக் கூடு, அதன் வெளிப்புறத்தில் சிறு சீட்டில் சேர்க்கை எண். அட்டையின் மீது எதையும் எழுதுவதோ ஒட்டுவதோ கிடையாது. 2416க்குப் பின்னால் 2417. புதிதாக வருவது கடைசியில் போய் நிற்கும். முன்னால் நிற்பது எதுவும் அசையாது. தேடுவது ஏட்டின் வேலை. உறையும் தாளும் பிவிசி கலக்காத பாலிப்ரொப்பிலீனாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிவிசியிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி நாளடைவில் அட்டையின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

ஏடு என்று நான் சொல்வது கணினி விரிதாளாகவும் இருக்கலாம், நீண்ட கணக்குப் புத்தகமாகவும் இருக்கலாம். சேர்க்கை எண், முகவரியின் நான்கு பகுதிகள், வீரர் பெயர், வகை, நிலை, வாங்கிய நாள், தபால் செலவு உட்பட அடக்க விலை, இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு மேல் வேண்டியதில்லை. இன்றைய சந்தை விலைக்கும் ஒரு பத்தி ஒதுக்குவோர் உண்டு. அது எழுதிய மறுநாளே பழசாகிவிடுகிறது என்பதால் நான் ஒதுக்குவதில்லை. விரிதாளில் எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை: பத்தே பிரதிகள் அச்சான அட்டையில் ஐந்தாவது பிரதி என்பதைக் குறிக்க 5/10 என்று தட்டினால், மென்பொருள் அதைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். இப்படி என் ஏட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட அட்டைகள் தேதிகளாக மாறி நின்றதை வெகுநாள் கழித்தே கவனித்தேன். எண்களைத் தட்டத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘எழுத்து’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் பயனில்லை.

‘வகை’ என்ற பத்தியில்தான் பெரும்பாலான ஏடுகள் தவறுகின்றன. ஒரே எண்ணில் ஒரே படத்தோடு பல வண்ண விளிம்புகளிலும் பல பூச்சுகளிலும் அட்டைகள் வருவது இப்போது சாதாரணமாகிவிட்டது. 1993இல் டாப்ஸ் ஃபைனஸ்ட் தொகுப்பில் முதன்முதலாக வந்த ரிஃப்ராக்டர் அட்டைகளில் அந்தச் சொல் எங்கும் அச்சிடப்படவில்லை. அட்டையை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால் வானவில் நிறங்கள் ஓடும். சாதாரண அட்டையில் ஓடாது. அவ்வளவுதான் வேறுபாடு. ஏட்டில் எழுதும்போதே சாய்த்துப் பார்த்து எழுதிவிட்டால், பிறகு உறையைப் பிரிக்க வேண்டிய அவசியமே வராது.

நிலையைக் குறிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முனை, விளிம்பு, மேற்பரப்பு, படம் நடுவில் விழுந்திருக்கும் விதம் ஆகிய நான்கையும் பார்த்து, குறையை ஓரிரு சொற்களில் எழுதினால் போதும். ‘இடது மேல்முனை மழுங்கல்’ என்ற குறிப்பு, நாமே போட்டுக்கொள்ளும் பத்துக்கு எட்டைவிட உதவும். அட்டையின் நிலையை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நிறுவனத்துக்கு அனுப்பி, மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டகத்தில் திரும்பி வந்த அட்டையானால், அதன் சான்றிதழ் எண்ணையும் எழுதி, இருபக்கமும் படமெடுத்து வைத்துக்கொள்வது காப்பீட்டுக்கும் உதவும். கைப்பேசிச் செயலிகள் படத்தைப் பார்த்தே அட்டையை இனங்காண்கின்றன என்று தங்கள் கட்டுரை பாராட்டியிருந்தது. நானும் பயன்படுத்துகிறேன், தட்டச்சு வேலை குறைகிறது. ஆனால் வகையில் அவை சறுக்குகின்றன. ஏட்டைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்துத் தராத செயலியிடம் ஆறாயிரம் அட்டைகளின் கணக்கை நான் ஒப்படைக்க மாட்டேன்.

கடைசியாக இரண்டு கட்டுப்பாடுகள். வாங்கிய அட்டை முதலில் ‘வரவுத் தட்டில்’தான் உட்கார வேண்டும்; ஏட்டில் ஏறாமல் பெட்டிக்குள் போகக் கூடாது; தட்டு நிறைந்திருக்கும்வரை புதிதாக எதையும் வாங்கக் கூடாது. இதில் என் மனைவிக்கு முழு உடன்பாடு. அதேபோல், விற்றதையோ மாற்றிக்கொண்டதையோ ஏட்டிலிருந்து அழிக்காமல், போன நாளையும் கிடைத்த தொகையையும் எதிரே எழுத வேண்டும். அந்த எண்ணை வேறு அட்டைக்குக் கொடுக்கக் கூடாது. எது இருக்கிறது என்பதோடு எது இருந்தது என்பதையும் தெரிந்து வைத்திருப்பவர் ஒரே அட்டையை இரண்டாம் முறை வாங்கி ஏமாற மாட்டார்.

தங்கள் இணைப்பில் இடம் இருக்குமானால், அடுத்த முறை இத்தகைய ஏட்டின் மாதிரிப் பக்கம் ஒன்றை அச்சிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் ஏட்டின் முதல் பக்கத்தையே படமெடுத்து அனுப்பவும் தயாராக இருக்கிறேன். அதில் சேர்க்கை எண் 1 என்று பதிவாகியிருப்பது, நான் நான்காவது முறையாக வாங்கி வந்த அந்த அட்டைதான்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்