கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கு உலகச் சங்கம் கண்டவர்களுக்கு நன்றி

புற்றுநோய்க் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். 1966 செப்டம்பரில் ரோம் நகரில் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கத்தின் முதல் மாநாட்டைக் கூட்டியவர்களுக்கும், அதற்கு முன்பே வழி அமைத்தவர்களுக்கும் இந்த மடல். அவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. இருந்தாலும் நன்றியைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

அந்த உலகச் சங்கத்தின் முதல் தலைவர், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் அணு ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் மார்கன். அமெரிக்கக் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சங்கத்துக்கும் அவர்தான் முதல் தலைவர். அதையே விரித்து உலகச் சங்கம் என்று பெயர் சூட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், அந்தந்த நாட்டுச் சங்கங்கள் தங்கள் தனித்தன்மையோடு சேரும் கூட்டமைப்பாக அதை அமைத்தார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு என் முதல் நன்றி. 1968இல் தொடங்கிய இந்தியச் சங்கத்தின் வழியாக நாங்களும் அதில் சேர்ந்தோம்.

அமெரிக்க இயற்பியலாளர் எல்டா ஆண்டர்சனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. லாஸ் அலமாஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர். போருக்குப் பிறகு, கதிர்வீச்சிலிருந்து மனிதரைக் காக்கக் கற்றுக்கொடுப்பதே தன் வேலை என்று ஓக் ரிட்ஜுக்கு வந்துவிட்டார். 1955இல் ஸ்டாக்ஹோமில் பயிற்சி வகுப்பு. 1956இல் அவருக்கே ரத்தப் புற்றுநோய். ஓயவில்லை அந்த அம்மா. 1957இல் பெல்ஜியம், 1958இல் நம் பம்பாய் என்று வகுப்புகளுக்கு ஏற்பாடு செய்தார். 1961இல் காலமானார், உலகச் சங்கத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. நாடு நாடாக இந்தத் துறைக்கு ஆட்களை உருவாக்கியவர்களில் அவரை முன்வரிசையில் வைப்பேன்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேரும் டெக்னீஷியன் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "சார், இந்த வேலைல இருந்தா குழந்தை பெத்துக்கலாமா?" அவர்கள் நெஞ்சில் குத்தியிருக்கும், உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜைக் கழற்றி, உள்ளே அலுமினியத் தகட்டில் இருக்கும் மூன்று வில்லைகளைக் காட்டுவேன். வாங்கிய கதிர்வீச்சு அதில் பதிந்துவிடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து சொல்வார்கள், ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது, கர்ப்பம் என்று தெரிந்ததும் சொல்லிவிட்டால் வரம்பு இன்னும் கடுமையாகும் என்று விளக்குவேன். "தாராளமா பெத்துக்கலாம்மா" என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அந்தத் தைரியம் சும்மா வந்ததல்ல. எக்ஸ் கதிரிலும் ரேடியத்திலும் வேலை செய்து உயிரை விட்ட 169 பேரின் பெயர்களோடு 1936இல் ஹாம்பர்க்கில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அத்தகைய இழப்புகளிலிருந்து கற்றதை ஒரு நாட்டுக்குள் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் பொதுவாக்கிய உங்களுக்கும், இன்றும் சம்பளம் வாங்காமல் அந்தச் சங்கப் பணியைச் சுமக்கும் பொறுப்பாளர்களுக்கும், எங்கள் பிரிவில் எல்லோர் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
ஒரு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்