விடை சொல்லிக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் ஸ்பொன்சர் படிவம் நிரப்பி, கணவன் அல்லது மனைவி விசாவுக்கான இன்ரவியூவுக்கு ஆட்களைப் பழக்கி அனுப்பும் முகவர்களுக்கும், கணினிக் கடைக்காரருக்கும், "நானே சொல்லித்தாறன்" என்று முன்வரும் சொந்தக்காரருக்கும்,

வணக்கம். சான்றிதழ் மொழிபெயர்ப்பு, படிவ வேலை என்று இதே அலுவலில் இருப்பவர்கள்தான் நாங்களும். உங்கள் பிழைப்பில் மண்போட இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றைத்தான். விடைகளைப் பாடமாக்கிக் கொடுக்கிறதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் பத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையாக நடந்த கலியாணம் பொய்க் கலியாணம்போலத் தெரிவது நீங்கள் நல்லதென்று நினைத்துச் செய்யும் சில வேலைகளால்தான்.

எழுத்திலிருந்து தொடங்குவோம். எங்களுக்கு எழுத்து வேறு, கலியாணம் வேறு. பதிவாளர் முன்னால் ஒப்பமிடுவது எழுத்து. மாப்பிள்ளை ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து லீவில் வந்து, மண்டபம் பிடித்து, கூறை மாற்றித் தாலி கட்டுவது கலியாணம். "எப்போது திருமணம்?" என்று அதிகாரி கேட்டால் பெண் தாலி கட்டின நாளைச் சொல்வாள். அவர் கையிலுள்ள சான்றிதழில் எழுத்து நாள் இருக்கும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நீங்கள் எழுத்து நாளை மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். ஆனால் அல்பத்திலும் அழைப்பிதழிலும் மண்டபப் பற்றுச்சீட்டிலும் மற்றத் திகதி இருக்கிறதே. இரண்டையும் சொல்ல விடுங்கள். பதிவு இன்ன நாள், சடங்கு இன்ன நாள், இடையில் ஒன்றாக இருக்கவில்லை, வழக்கம் அப்படி. இன்ரவியூ வரை காத்திராமல் படிவத்திலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது. கனடாவின் ஐஎம்எம் 5532 படிவத்தில் உறவு தொடங்கியது எப்படி, சடங்கு நடந்தது எப்படி என்றெல்லாம் எழுத இடமிருக்கிறது. அதை இரண்டு வரியில் முடித்து அனுப்புகிறவர்கள்தான் பிறகு இன்ரவியூ வந்துவிட்டதென்று ஓடித் திரிகிறார்கள். கனடாவுக்கு எல்லோரையும் இன்ரவியூவுக்குக் கூப்பிடுவதில்லை. கோப்பை வாசித்துத் திருப்திப்படாத இடத்தில்தான் கூப்பிடுவார்கள். அமெரிக்கக் குடிவரவு விசாவுக்கு இன்ரவியூ வழமையான படி.

தாலி முந்தி, எழுத்து பிந்தி என்றும் நடக்கும். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண் மாணவர் விசாவோ விசிற் விசாவோ கேட்டு, "விவாகமாகாதவர்" என்று எழுதியிருந்தால் அந்தப் படிவமும் அதிகாரிக்கு எட்டக்கூடியது. புதுப் படிவம் எழுதமுன் பழையவை எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாசியுங்கள். ஸ்பொன்சர் செய்கிறவர் அகதியாகப் போனவர் என்றால், அப்போது கொடுத்த வாக்குமூலத்தில் சகோதரங்களின் எண்ணிக்கை, விலாசங்கள், மணநிலை எல்லாம் இருக்கும். அதன் பிரதியை அவரிடம் கேட்காமல் படிவத்தில் ஒரு எழுத்தும் எழுத வேண்டாம்.

இந்த இடத்தில் இன்னொன்று. மாப்பிள்ளை கனடாவில் அகதிப் பாதுகாப்புப் பெற்றவர், பிரஜாவுரிமை இன்னும் எடுக்கவில்லை என்றால், இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே வந்துபோவது அவருடைய பாதுகாப்பையும், 2012ஆம் ஆண்டின் சட்டமாற்றத்துக்குப் பிறகு நிரந்தர வதிவுரிமையையும் இழக்கச் செய்யலாம். அதனால்தான் திருச்சியிலோ சென்னையிலோ கலியாணம் வைக்கிறார்கள். "ஏன் இந்தியாவில்?" என்ற கேள்விக்கு "கோயிலில் நேர்த்தி" என்று நீங்கள் சொல்லிக் கொடுக்கிறீர்கள். உண்மைக் காரணம் அதைவிட ஆயிரம் மடங்கு பலமானது; அது அவர்களுடைய சொந்தக் கோப்பிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு நேர்த்தியைப் பிடித்துக்கொண்டால், எந்தக் கோயில், என்ன நேர்த்தி, ஆர் வைத்தது என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

பேச்சுக்கால் கலியாணத்தைக் காதல் கலியாணமாக மாற்றுவதும் அப்படித்தான். காதல் என்றால் விசா கெதியாகக் கிடைக்கும் என்று ஆர் கிளப்பிவிட்டதோ தெரியாது. எங்கள் பகுதி விண்ணப்பங்களைப் பார்க்கிற அதிகாரிக்குத் தரகர், குறிப்புப் பொருத்தம், பெண் பார்த்தல் எல்லாம் புதிய விசயங்கள் அல்ல. குறிப்புப் பார்த்த சாத்திரியாரின் தாளே ஒரு சான்று. காதல் என்று சொன்னால் முதலாவது கேள்வி "எப்போதிருந்து கதைக்கிறீர்கள்?" என்பது. ரெலிபோன் பதிவோ எழுத்துக்கு ஒரு மாதம் முன்னர்தான் தொடங்கியிருக்கும். கனடாச் சட்டத்தில் கலியாணம் உண்மையானதல்ல என்பது ஒரு காரணம், முதன்மையாகக் குடிவரவுக்காகச் செய்யப்பட்டது என்பது இன்னொரு காரணம். இரண்டில் ஒன்று போதும் மறுப்பதற்கு. பொய்த் தகவல் என்று தீர்மானித்தால் ஐந்து வருடத் தடை. அமெரிக்காவில் தகவலைத் திரித்ததாகக் கண்டால், விலக்கு அனுமதி கிடைத்தாலொழிய அந்தத் தடைக்கு முடிவில்லை. நேராகச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் விசயம்.

சீதனத்தைப் பற்றிக் கேட்டால் "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லப் பழக்குகிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமாகிய தேசவழமையில் சீதனம் சட்டத்துக்கு உட்பட்ட சொத்து. வீட்டை உறுதி முடித்துக் கொடுத்திருந்தால் அந்த உறுதி காணிப் பதிவகத்தில் கிடக்கும். பெற்றோர் மகளுக்கு எழுதிய வீடு வேறு, விசாவுக்காக மாப்பிள்ளைக்குக் கொடுத்த காசு வேறு. முதலாவதை மறைத்தால் இரண்டாவதுபோலத் தெரியும்.

பத்திரங்களுக்கு வருவோம். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. வெளிநாட்டுப் படிவத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிடும். மாப்பிள்ளை அங்கே பிரஜாவுரிமை எடுக்கும்போது பெயரைச் சுருக்கியிருப்பார். பெண் கலியாணத்துக்குப் பிறகு கணவன் பெயரில் கடவுச்சீட்டு எடுத்திருப்பாள், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர். தமிழில் ஒரே பெயராக இருக்கும் சண்முகநாதன், ஆங்கிலத்தில் எஸ்.எச். என்று ஒரு பத்திரத்திலும் வெறும் எஸ். என்று இன்னொன்றிலும் தொடங்கும். 'தி' வரும் பெயர்களில் ரி.எச். என்றும் ரி. என்றும் இரண்டு வழி. மொழிபெயர்ப்பாளருக்குப் பிறப்புச் சான்றிதழை மட்டும் நீட்டாதீர்கள். கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். எழுத்துக் கூட்டலில் கடவுச்சீட்டைப் பின்பற்றட்டும். ஆனால் மூலத்தில் வேறு பெயரே இருந்தால் அதை மொழிபெயர்ப்பில் "திருத்த"ச் சொல்லக் கூடாது. அதற்கு இருவரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசி வேறாக இருக்கிறது.

விவாகப் பதிவுக்குப் போகும்போது நீங்கள் கூடவே போனால் இன்னும் நல்லது. சான்றிதழில் வயது, குடியியல் நிலை, தொழில், வதிவிடம், தகப்பன் பெயர் எல்லாம் பதிவாகும். ரொறன்ரோவில் இருக்கும் மாப்பிள்ளைக்கு வதிவிடம் இங்கே கோண்டாவில் ஊர் என்று எழுதுகிறார்கள். அங்கே ஒருமுறை மணமுடித்து விவாகரத்து ஆனவரை "விவாகமாகாதவர்" என்று பதிகிறார்கள், சபைக்கு முன்னால் வாசிக்க வெட்கம் என்று. ஒப்பமிட முன் சொன்னால் அப்போதே மாற்றலாம். பிறகென்றால் மாதக்கணக்கு. இங்கேயே மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுத்தவர் என்றால், முதற்கட்டளைக்கும் முடிவான கட்டளைக்கும் இடையில் மூன்று மாதம் இருக்கிறது. இரண்டாவது எழுத்து அந்த மூன்று மாதத்துக்குள் நடந்திருந்தால் அந்தக் கலியாணமே செல்லாது. எந்த இன்ரவியூவும் அதைக் காப்பாற்றாது.

பொலிஸ் சான்றிதழ் இலங்கையுடையது மட்டும் போதும் என்று நினைப்பது அடிக்கடி வரும் பிழை. கனடாவுக்கு, கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டினதும் வேண்டும். அமெரிக்காவுக்கு, பதினாறு வயதுக்குப் பிறகு முன்னர் வாழ்ந்த வெளிநாடுகளில் பன்னிரண்டு மாதக் கணக்கு. கட்டாரில் இரண்டு வருடம் வேலை செய்தவரும், தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்தவரும் இதில் மாட்டுவார்கள். இன்ரவியூக் கடிதம் வந்தபின் கட்டாருக்கு எழுதத் தொடங்கினால் கதை முடிந்தது. அமெரிக்க மருத்துவப் பரிசோதனையைத் தூதரகம் நியமித்த வைத்தியரிடம் மட்டுமே செய்யலாம், இன்ரவியூவுக்கு முன்னரே முடிக்க வேண்டும், தடுப்பூசி அட்டையும் கொண்டுபோக வேண்டும். விசாவின் ஆயுள் அந்தப் பரிசோதனையின் ஆயுளோடு கட்டப்பட்டது என்பதால் கனகாலம் முந்தியும் செய்யக்கூடாது. ஜேர்மனிக்குப் போகிற மனைவிக்குப் பொதுவாக ஏ1 என்ற ஆரம்பநிலை ஜேர்மன் மொழிச் சான்றிதழ் முதலில். அதற்குக் கொழும்பு கெதே நிறுவனத்தில் பரீட்சை எழுதலாம்.

உறவுக்கான சான்றாக முந்நூறு பக்க வட்ஸ்அப் உரையாடலை அச்சடித்துக் கட்டிக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். மாதத்துக்கு இரண்டு பக்கம், திகதி தெரிய. அழைப்புப் பட்டியலில் நேர அளவு தெரிந்தால் போதும். ரெலிபோன் மாற்றும்போது பழையது அழிந்துபோகும், எனவே எழுத்து முடிந்த கிழமையே சேமிக்கச் சொல்லுங்கள். தூதரகத்துக்குள் ரெலிபோன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றே எண்ணிக்கொண்டு, படங்களைத் தாளில் எடுங்கள். ஸ்ரூடியோவில் முகம் வெள்ளையாக்கின படங்களைவிட, பொன்னுருக்கலிலும் நாலாம் சடங்கிலும் மாமா மாமியோடு வியர்த்து நிற்கும் படம் பெறுமதியானது. பின்பக்கத்தில் திகதி, இடம், நிற்பவர்களின் உறவுமுறை. காசு விசயத்தில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு கைமாற்றும் வழி. மாதாமாதம் கணவன் உண்டியலில் அனுப்பிக்கொண்டே இருப்பார், ஒரு துண்டுச் சீட்டும் இராது. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, மனைவியின் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும்.

மொழிக்கு வருவோம், இதுதான் நீங்கள் கவனிக்காமல் விடுவது. அரைகுறை ஆங்கிலத்தில் பாடமாக்கிக் கொடுக்கிறீர்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது குறைவல்ல. ஆனால் அவருக்கு யாழ்ப்பாணத் தமிழ் பழக்கமாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். "அவரை முதல் நேரில சந்திக்கவில்லையா?" என்றால் எங்கள் பிள்ளைகள் "ஓம்" என்பார்கள், சந்திக்கவில்லை என்ற கருத்தில். அது ஆங்கிலத்தில் "சந்தித்தேன்" என்று போய்விடக்கூடும். முழு வசனமாகச் சொல்லப் பழக்குங்கள். "கணவருக்கு எத்தனை சகோதரங்கள்?" என்றால் பெரியப்பாவின் பிள்ளைகளையும் சேர்த்து ஏழு என்பாள், படிவத்தில் மூன்று. கூடப்பிறந்தவை, ஒன்றுவிட்டவை என்று பிரித்துச் சொல்லட்டும். மச்சான் என்ற சொல் கணவனாகவும், மாமா மகனாகவும், கூட்டாளியாகவும் இருக்கும். சொந்த மச்சானைத்தான் கட்டியிருக்கிறாள் என்றால் அதை ஒளிக்க வேண்டாம். இலங்கையில் அது செல்லும் கலியாணம். ஆனால் அமெரிக்காவில் பல மாநிலங்கள் அதைத் தடுக்கின்றன, ஸ்பொன்சர் எந்த மாநிலம் என்று படிவம் போட முன் பாருங்கள். "நல்லூர்க் கொடியேறினதுக்கு முதல் கிழமை" என்று நாள் சொல்லும் பழக்கத்துக்கு மாதமும் வருடமும் எழுதின ஒரு தாள் போதும். பாடமாக்க வேண்டாம், ஞாபகப்படுத்தினால் சரி. நினைவில்லாததை "சரியாக ஞாபகமில்லை" என்று சொல்லலாம் என்பதையும் சொல்லி விடுங்கள். கட்டில் விரிப்பின் நிறத்தைப் பாடமாக்க வைப்பதைவிட அது உதவும்.

இரவு பஸ்ஸில் விடியக் கொழும்பில் இறங்கி, வெள்ளவத்தையில் முகம் கழுவிக்கொண்டு நேரே இன்ரவியூவுக்கு அனுப்பாதீர்கள். ஒருநாள் முந்திப் போகட்டும். கோப்பில் மூலப் பிரதிகள் ஒரு பக்கம், நிழற்பிரதிகள் இன்னொரு பக்கம். உங்கள் ஆள் வாசலில் நின்று கடைசி நிமிடத்தில் புதுக்கதை சொல்லிக் கொடுப்பது வேண்டவே வேண்டாம்.

அமெரிக்கத் தூதரகத்தில் விசாவை அப்போதைக்குக் கொடுக்காமல் 221(ஜி) என்று எழுதித் தந்த தாளோடு வெளியே வந்தால் அழுது குழறுகிறார்கள், நீங்களும் புதிதாகப் படிவம் போடுவோம் என்று காசு வாங்குகிறீர்கள். அநேகமாக அது கோப்பில் ஏதோ ஒன்று குறைகிறது என்பதுதான். தாளில் கேட்டிருப்பதை மட்டும், ஒரு வருடத்துக்குள், கொடுக்க வேண்டும். கனடாவிலிருந்து சந்தேகத்தைச் சொல்லிப் பதில் கேட்டுக் கடிதம் வந்தால் அதில் போட்டிருக்கும் நாளுக்குள் பதில் போக வேண்டும். மறுத்தே விட்டால், அங்கிருக்கும் ஸ்பொன்சர் முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தை லாச்சிக்குள் வைத்துவிட்டு "அடுத்த முறை பார்ப்போம்" என்று சொல்லிவிடாதீர்கள். முப்பதாம் நாள் போனபின் எங்களிடம் வருகிறவர்களுக்கு எங்களாலும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் மொழிபெயர்ப்பும் படிவ வேலையும் செய்யும் சிலர்